வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற இடம் எது? கார் ஷெட், மொட்டை மாடி, உள் அறை: ஓர் ஒப்பீடு

மரவேலையிலோ, பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்து மாட்டுவதிலோ, இரும்புக் குழாயை வெட்டிப் பற்றவைத்து வீட்டுக்கு வேண்டியதைத் தாமே செய்துகொள்வதிலோ ஈடுபாடு கொண்டவர்கள், முதல் சில மாதங்களை ஒரு டிரில்லையும் ஒரு கருவிப் பெட்டியையும் வைத்துக்கொண்டு வராந்தாவிலேயே கழித்துவிடுவார்கள். பிறகு, வேலைப் பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் பொருத்த ஒரு மேசை தேவைப்படுகிறது. மேசை வந்ததும் இரும்பை வெட்டித் தேய்க்கும் கிரைண்டரும், பலகையை வளைவாக அறுக்கும் ஜிக்சாவும் வருகின்றன. மிச்சமான பிளைவுட் துண்டுகளைத் தூக்கி எறிய மனமில்லாமல் அவை சுவரோரம் சேர்கின்றன. அந்தக் கட்டத்தில்தான் இதற்கென்று ஓர் இடத்தை ஒதுக்கியாக வேண்டும் என்ற நிலை வருகிறது. புதிதாக வீடு கட்டி முடித்தவர்களும் பணி ஓய்வை நெருங்குகிறவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பது, எந்த மெஷினை வாங்கலாம் என்பதைவிட, வீட்டில் எந்த இடத்தில் தொடங்கலாம் என்பதைத்தான்.

இந்தக் கேள்விக்கு முதலிலேயே நேரம் கொடுத்து யோசிப்பது நல்லது. தவறான மெஷினை விற்றுவிட்டு வேறொன்றை வாங்கிக்கொள்ளலாம். இடம் அப்படியில்லை. வயரிங், அலமாரி, விளக்கு, கூரை என்று ஒவ்வோர் ஆண்டும் அதன்மேல் பணம் ஏறிக்கொண்டே போகும். நான்காம் ஆண்டில் இடம் மாறினால் அவற்றில் பாதிக்குமேல் திரும்பக் கிடைக்காது. தமிழ்நாட்டு நகரங்களில் உள்ள தனி வீட்டை மனத்தில் வைத்தே இங்கே எழுதுகிறேன்: தரைத்தளத்தில் ஏறத்தாழ 10 அடிக்கு 18 அடி அளவில் கார் நிறுத்தும் இடம், மேலே மொட்டை மாடி, உள்ளே பிள்ளைகள் வெளியூர் போனபின் காலியாகிவிட்ட ஓர் அறை. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கும் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் உரியவற்றைப் பின்னால் தனியே சொல்கிறேன்.

என் முடிவை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மழைத் தண்ணீர் ஏறாத தரையாக இருந்தால், பெரும்பாலானவர்களுக்குக் கார் ஷெட்தான் சரியான இடம். மொட்டை மாடியைத் தேர்ந்தெடுப்பதற்கு வலுவான காரணம் இருக்க வேண்டும். 'இடம் சும்மாதானே கிடக்கிறது' என்பது அப்படிப்பட்ட காரணம் ஆகாது.

## எவற்றைக் கொண்டு அளப்பது

முதலில் பார்க்க வேண்டியது வேலையின் குணம். வீட்டுப் பட்டறையில் நடக்கும் வேலைகள் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். கிரைண்டர், வெல்டிங் போன்ற தீப்பொறி பறக்கும் வேலைகள் ஒரு வகை. அறுத்தல், இழைத்தல், உப்புத்தாள் தேய்த்தல் போன்ற தூசி கிளப்பும் வேலைகள் இன்னொரு வகை. சாலிடரிங், அளந்து குறித்தல், உளியைத் தீட்டுதல், மின்விசிறியின் மோட்டாரைப் பிரித்துப் பார்த்தல் போன்ற சுத்தமான வேலைகள் மூன்றாவது வகை. இன்றைக்குச் செய்துகொண்டிருக்கும் வேலையை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுக்காமல், இன்னும் மூன்று நான்கு ஆண்டுகளில் எந்த வகைக்குப் போகப்போகிறோம் என்பதை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மரவேலை மட்டுமே செய்வேன் என்று தொடங்குகிறவர்களில் பலர், மேசைக்கு ஓர் இரும்புச் சட்டம் தேவைப்படும் நாளில் வெல்டிங் மெஷினை விலை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

அடுத்தது ஈரமும் வெயிலும். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் கருவிகளுக்கு முதல் எதிரி துரு. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே பூச்சில்லாத இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். உப்புக் காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டியதில்லை. கோவையிலும் சேலத்திலும் இந்தத் தொல்லை குறைவு. அங்கே வேறு கேள்விகள் முந்திக்கொள்ளும்.

மூன்றாவது மின்சாரம். பட்டறைக்கென்று மெயின் போர்டிலிருந்து தனி எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), குறைந்தது 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, 16 ஆம்பியர் சாக்கெட், முறையான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிப்பது) ஆகியவை இருந்தே தீர வேண்டும். மீட்டர் பெட்டியிலிருந்து பட்டறை எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவுக்குக் கம்பியின் தடிமனும் செலவும் கூடும்.

நான்காவது ஒலியும் அக்கம்பக்கமும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். இரும்பை வெட்டும் 4 அங்குல கிரைண்டரின் அருகே 95 டெசிபலுக்கு மேல் ஒலி எழக்கூடும். நடைமுறையில் பக்கத்து வீட்டாருடன் உள்ள உறவுதான் இதை நிர்ணயிக்கிறது என்றாலும், சத்தம் எந்தத் திசையில் போகிறது, யாருடைய படுக்கையறையை எட்டுகிறது என்பது இடத்தைப் பொறுத்தே அமையும்.

இவற்றோடு கட்டடத்தின் தாங்குதிறன், அனுமதி, சாமான்களை ஏற்றி இறக்கும் வசதி, பின்னாளில் விரிவாக்க வாய்ப்பு ஆகியவற்றையும் அந்தந்த இடத்தைப் பற்றிப் பேசும்போது சேர்த்தே பார்க்கலாம்.

## கார் ஷெட்

கார் ஷெட்டின் முதல் பலம் அது தெருவை ஒட்டியிருப்பது. கடையிலிருந்து வரும் 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகையும், 20 அடி நீளத்தில் விற்கப்படும் சதுர இரும்புக் குழாயும் வண்டியிலிருந்து இறங்கி நேராகப் பட்டறைக்குள் வந்துவிடும். குழாயின் ஒரு முனை கேட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் இரண்டு துண்டாக வெட்டும்வரைதான் அந்தச் சிரமம். இரண்டாவது பலம் காற்றோட்டம்: இரண்டு பக்கமோ மூன்று பக்கமோ திறந்திருக்கும் இடத்தில் வெல்டிங் புகையும் மரத்தூளும் தங்குவதில்லை. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. நம் வீடுகளில் மின் மீட்டரும் மெயின் போர்டும் பெரும்பாலும் கார் நிறுத்தும் இடத்தின் சுவரிலேயே இருக்கின்றன. ஆகவே தனி லைன் இழுப்பதற்குச் சில மீட்டர் கம்பியே போதும். மெஷின்களின் எடையைப் பற்றியும் கவலையில்லை. கீழே இருப்பது தரை.

பலவீனங்களில் முதலாவது, அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் கார். ஸ்விஃப்ட் அளவுள்ள கார் ஒன்று ஏறத்தாழ 3.86 மீட்டர் நீளமும் 1.74 மீட்டர் அகலமும் இருக்கும். 18 அடி என்பது 5.5 மீட்டர், 10 அடி என்பது 3 மீட்டர். காரை ஒரு பக்கச் சுவரை ஒட்டி நிறுத்தினாலும் மறுபக்கம் கதவைத் திறந்து இறங்க இடம் விட வேண்டும். ஆகவே கார் நிற்கும்போது நிரந்தரமாகக் கிடைப்பது பின்சுவரை ஒட்டிய ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள பட்டை மட்டுமே. இரண்டடி அகல மேசைக்கும் அதன்முன் ஓர் ஆள் நிற்பதற்கும் அது போதும். பெரிய பலகையை அறுக்க வேண்டிய நாளில் காரைத் தெருவுக்கு நகர்த்த வேண்டும்.

நகர்த்தத்தான் வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். காரை உள்ளேயே வைத்துக்கொண்டு கிரைண்டர் ஓட்டினால், பறக்கும் பொறிகள் கண்ணாடியிலும் பெயின்டிலும் சூட்டோடு பதிந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஓரிரு மழை நனைந்தபின் முன்கண்ணாடியின் ஓரத்தில் குங்குமப்பொட்டு அளவுகூட இல்லாத செம்பழுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். நகத்தால் தடவினால் சொரசொரப்பாகத் தட்டுப்படும். கண்ணாடியில் பதிந்த அந்த இரும்புத் துகளைப் பெயர்த்தெடுத்தாலும் அந்த இடத்தில் சிறு குழி மிஞ்சும். மேலே தார்ப்பாய் போட்டால் போதும் என்று நினைப்பது ஆபத்து; பிளாஸ்டிக் தார்ப்பாயில் பொறி விழுந்தால் அதுவே உருகிப் பற்றிக்கொள்ளும். ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் இருந்தால் பெட்ரோல் ஆவியைப் பற்றியும் யோசிக்க வேண்டும்: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து வரும். சமையலறையின் கேஸ் சிலிண்டர் கார் ஷெட் பக்கம் வெளியே வைக்கப்பட்டிருந்தால், கிரைண்டரையும் வெல்டிங்கையும் தொடங்குவதற்கு முன் அதை வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது பலவீனம் தரை. மழைநீர் வடிவதற்காகக் கார் ஷெட்டின் தரை தெருவை நோக்கிச் சரிந்திருக்கும். மேலே சதுரம் சதுரமாகப் பள்ளம் கீறிய பார்க்கிங் டைல்ஸ் பதித்திருப்பார்கள். மேசையில் வைத்த உருளை தானாக உருளும். கீழே விழுந்த 4 மி.மீ. ஸ்குரூ டைல்ஸின் பள்ளத்துக்குள் புகுந்துகொண்டால் துடைப்பம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகுமே தவிர வெளியே எடுக்காது. காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு நடப்பதுதான் வழி. சிறிய சக்கரங்கள் இந்தத் தரையில் ஓடாது. நகரும் மேசை செய்கிறவர்கள் குறைந்தது 4 அங்குலச் சக்கரம் போட வேண்டும். அதையும் நான்கு காலிலும் போடாமல், ஒரு பக்கத்தின் இரண்டு காலில் மட்டும், மேசை நிலையாக நிற்கும்போது தரையைத் தொடாத உயரத்தில் பொருத்த வேண்டும். மறுபக்கத்தைத் தூக்கினால் சக்கரம் தரையில் இறங்கி மேசை நகரும். விட்டுவிட்டால் நான்கு காலும் தரையில் ஊன்றிக்கொள்ளும். நான்கு சக்கரத்தின்மேல் நிற்கும் மேசையில் பிரேக் போட்டாலும் இழைப்புளி தள்ளும்போது மேசை அசைந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது, தண்ணீர். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் பல பகுதிகளில் தரைத்தளத்துக்குள் வெள்ளம் புகுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. உங்கள் தெருவில் அப்போது தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்பதைப் பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மோட்டார் உள்ள எதையும் அந்த உயரத்துக்கு மேலேயே வையுங்கள். முழங்காலுக்கு மேல் வந்த தெருவென்றால் கார் ஷெட்டில் நிலையான மெஷின் எதுவும் வேண்டாம். வெள்ளம் வராத ஊரிலும் மரத்தைத் தரையில் அடுக்கக் கூடாது. கரையான் தரை வழியாகத்தான் ஏறும். சுவரில் இரும்புத் தாங்கி அடித்து அதன்மேல் வைப்பதே சரி.

இங்கே மறைந்திருக்கும் செலவுகள் பூட்டும் மூடலும்தான். கம்பிக் கேட் மட்டும் உள்ள இடத்தில் கருவிகளைத் திறந்து வைக்க முடியாது; பூட்டக்கூடிய இரும்பு அலமாரி வேண்டும். சாரல் அடிக்கும் பக்கத்துக்குச் சுருட்டும் திரை வேண்டும். சுற்றிலும் சுவர் எழுப்பி அறையாக மாற்றிவிடலாமே என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். கட்டட வரைபடத்தில் வாகன நிறுத்தம் என்று காட்டி அனுமதி வாங்கிய இடத்தை வேறு பயன்பாட்டுக்கு மூடிக் கட்டுவது விதிமீறலாகும் என்பதை அப்போது நினைவில் வையுங்கள். திறந்தே இருக்கட்டும்; அதன் பலமே அந்தத் திறப்புதான்.

## மொட்டை மாடி

காலையில் வெளிச்சம், மாலையில் காற்று, எட்டிப் பார்த்து 'என்ன செய்றீங்க?' என்று கேட்க யாரும் இல்லாத தனிமை, காருடன் இடப்போட்டி இல்லாமை, வெள்ளம் எட்டாத உயரம். இத்தனையும் உண்மைதான். இடமும் தாராளம். ஆனாலும் மாடியில் ஷெட் போட்டவர்களில் ஆண்டு முழுவதும் அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. அதற்குக் காரணம் வெயில். ஒற்றைத் தகட்டுக் கூரையின்கீழ் ஏப்ரல், மே மாதங்களில் காலை பத்து மணிக்கு மேல் நின்று வேலை செய்ய முடியாது. ஆளுக்கு மட்டும் அல்ல, பொருளுக்கும் இதே நிலைதான். லித்தியம் பேட்டரிகளை 40 முதல் 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது; சூடான பேட்டரியைச் சொருகினால் பல சார்ஜர்கள் அது ஆறும்வரை காத்திருக்கும். மரப்பசை தடவி இரண்டு பலகைகளை நேராக்கிப் பிடிப்பதற்குள் அது இறுகத் தொடங்கிவிடும்.

நுரை நிரப்பிய இரட்டைத் தகட்டுப் பலகையைக் கூரையாகப் போட்டால் வெப்பம் வெகுவாகக் குறையும். அதன் விலை ஒற்றைத் தகட்டைப்போல் பல மடங்கு ஆகும் என்பதால் மாடி ஷெட் 'சிக்கனமான வழி' என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப்போகிறது.

எடையை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். கட்டடங்களின் சுமையைப் பற்றிய இந்தியத் தரநிலை 875இன் இரண்டாம் பகுதி, ஆட்கள் ஏறிப் புழங்கும் தட்டைக் கூரைக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ என்றும், வீட்டின் அறைத் தளத்துக்கு 2 கிலோ நியூட்டன் என்றும் கணக்கிடச் சொல்கிறது. தேக்கின் எடை ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ. இரண்டு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரத்துக்குத் தேக்குப் பலகைகளை அடுக்கினால் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் 325 கிலோ ஏறுகிறது. ஒரே இடத்தில் இப்படிச் சுமை ஏறியதும் தளம் இடிந்துவிடும் என்று பயமுறுத்த நான் விரும்பவில்லை. ஆனால் அது வடிவமைப்பாளர் நினைத்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். கனமான எதையும் அறையின் நடுப்பகுதிக்கு மேலே வைக்காமல், கீழே சுவரோ பீமோ ஓடும் கோட்டில் வைக்க வேண்டும். பெரிய மெஷின் வாங்குவதற்கு முன் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட வேண்டும்.

காற்றும் சேர்ந்துகொள்கிறது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையிலும், 2018 நவம்பரில் கஜா புயல் நாகை, தஞ்சை, புதுக்கோட்டை வட்டாரங்களிலும் தகரக் கூரைகளை என்ன பாடு படுத்தின என்பதைப் பார்த்தவர்கள், ஷெட்டின் கால்களைத் தளத்தில் ஆழமாகப் போல்ட் அடித்து இறுக்கச் சொல்வார்கள். ஆனால் அந்த போல்ட் துளைகள் தட்டோட்டையும் நீர்த்தடுப்புப் பூச்சையும் துளைத்துக்கொண்டு போகின்றன. அடுத்த ஐப்பசியில் கீழே படுக்கையறையின் கூரையில் ஈரம் படரும். கைப்பிடிச் சுவர்களோடும், தளத்தின்மேல் தனியாகக் கட்டிய கான்கிரீட் பீடங்களோடும் கால்களை இணைப்பதே இரண்டுக்கும் நடுவழி. அதற்கும் செலவு உண்டு. மாடியில் நிலையான ஷெட் போடுவதற்கு உள்ளாட்சி அமைப்பின் அனுமதி தேவைப்படலாம் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

படிக்கட்டு இருக்கிறதே, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 8 அடிப் பலகை நம் வீட்டுப் படிக்கட்டின் திருப்பத்தில் திரும்பாது. கயிறு கட்டி வெளிப்புறமாகத் தூக்க வேண்டும், அல்லது கீழேயே வெட்டிக்கொண்டு ஏற வேண்டும். கீழே வெட்டுவதென்றால் மேலே பட்டறை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. செய்து முடித்த அலமாரியும் அதே படியில்தான் இறங்க வேண்டும்.

சரி, மாடி யாருக்குப் பொருந்தும்? வெள்ளம் வரும் தெருவில் வசிப்பவர்களுக்கு. மாடியில் ஏற்கெனவே கான்கிரீட் கூரையுடன் ஓர் அறை உள்ளவர்களுக்கு. கைக்கருவிகளால் சிறிய மரச் சாமான்கள் செய்து, காலையிலும் மாலையிலும் மட்டும் வேலை பார்ப்பவர்களுக்கு. பச்சை மரத்தை வாங்கி மாதக்கணக்கில் நிழலில் உலர்த்தி எடுப்பவர்களுக்கும் காற்றோட்டமுள்ள மாடி மிகவும் ஏற்றது. சுமையை மட்டும் பரப்பி அடுக்க வேண்டும்.

## வீட்டுக்குள் ஓர் அறை

கருவிகளைப் பொறுத்தவரை இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை. ஈரம் குறைவு, பூட்டு இருக்கிறது, தரை சமம், இரவு பத்து மணிக்கு ஒரு கடிகாரத்தைப் பிரித்து உட்கார்ந்தாலும் யாருக்கும் தொல்லை இல்லை. மின்னணு வேலை, சாலிடரிங், முப்பரிமாண அச்சு, மரச் செதுக்கல், கருவி தீட்டுதல் ஆகியவற்றில் நிலைத்திருப்பவர்கள் வேறெங்கும் போக வேண்டியதில்லை. அனுமதியைப் பற்றிய கேள்வியும் எழாது.

தூசி எழத் தொடங்கும் நாளில் நிலைமை மாறிவிடும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995இல் சேர்த்தது. வெல்டிங் புகையும் 2017இல் அதே தொகுதிக்குப் போனது. மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையை அறுத்தால் எழும் மாவு போன்ற தூள் கண்ணுக்குத் தெரியாமலே அறை முழுக்கப் பரவி, கதவின் இடுக்கு வழியாகக் கூடத்துக்கும் போகும். வெளியே தள்ளும் மின்விசிறி ஒன்றும், கருவியோடு இணைக்கும் தூசி உறிஞ்சியும் வாங்கினாலும் நிலைமை ஓரளவுக்குத்தான் சீராகும். பிறர் உறங்கும் கூரையின்கீழ் தினமும் மரம் அறுப்பதை என்னால் பரிந்துரைக்க முடியாது. வீட்டில் குழந்தையோ ஆஸ்துமா உள்ளவரோ இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. தின்னர் கலந்த பாலிஷ், பெயின்ட் வேலைகளும் அப்படியே.

இந்த அறைக்கான செலவு வெளியே தெரிவதில்லை: விருந்தினருக்கான ஓர் அறை நிரந்தரமாகப் போய்விடுகிறது. வீட்டில் உள்ள அனைவரும் மனமொப்பிச் சம்மதித்த பிறகே இதைச் செய்யுங்கள்.

## வாடகைக் கடை

செய்து கொடுப்பதற்குப் பணம் வரத் தொடங்கியிருந்தால் மட்டும் ஷட்டர் போட்ட ஒரு கடையைப் பற்றி யோசிக்கலாம். முன்பணம், மாத வாடகை, வணிக மின்கட்டணம் மூன்றும் வேலை இல்லாத மாதத்திலும் போய்க்கொண்டிருக்கும். வீட்டு மின் இணைப்பில் தொழில் நடத்துவதும் ஆகாது; 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவு அதை அங்கீகாரமற்ற பயன்பாடாகக் கருதி, உரிய கட்டணத்தைப்போல் இரு மடங்கு வசூலிக்க இடம் தருகிறது. பொழுதுபோக்குக்காகச் செய்கிறவருக்கு இந்த வழி தேவையில்லை.

## அருகருகே வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | கார் ஷெட் | மொட்டை மாடி ஷெட் | உள் அறை |
|---|---|---|---|
| கிரைண்டர், வெல்டிங் | காரை வெளியே எடுத்தால் ஏற்றது | ஏற்றது. தகரத்தில் புகை தங்காதபடி திறப்பு வேண்டும் | கூடாது |
| மரத்தூள் | காற்றே கொண்டுபோகும் | காற்றே கொண்டுபோகும். துவைத்த துணிமேல் படியும் | பெரும் தொல்லை |
| துரு | கடலோரத்தில் அதிகம் | அதிகம் | குறைவு |
| கோடையில் வேலை நேரம் | பெரும்பாலும் நாள் முழுவதும் | காலை, மாலை மட்டும் | நாள் முழுவதும் |
| வெள்ளம் | தெருவைப் பொறுத்தது | இல்லை | தளத்தின் உயரத்தைப் பொறுத்தது |
| தனி மின் லைன் | மலிவு | நீண்ட கம்பி, கூடுதல் செலவு | நடுத்தரம் |
| எடை தாங்குதல் | கவலையில்லை | கணக்கிட வேண்டும் | சிறிய மெஷின்களுக்குப் போதும் |
| பலகை, குழாய் கொண்டுவருதல் | எளிது | மிகக் கடினம் | கடினம் |
| வெளியே தெரியாத செலவு | பூட்டும் அலமாரி, சாரல் திரை | வெப்பத் தடுப்புக் கூரை, நீர்க்கசிவு சீரமைப்பு | தூசி உறிஞ்சி, இழந்த அறை |

## ஆண்டுகள் போகப் போக

இடத்தை முடிவு செய்த பின், பணத்தை எந்த வரிசையில் செலவிடுவது என்பதும் இடத்துக்கு இடம் வேறுபடும். ஆனால் முதல் ஆண்டு எங்கும் ஒன்றுதான்: வயரிங், வெளிச்சம், மேசை, வைஸ். இந்த நான்கையும் முடிக்காமல் மெஷின் வாங்குவதில் பயனில்லை. 40 மி.மீ. சதுரக் குழாயால் சட்டமும், 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டி மேற்பலகையும் வைத்து, 6 அடிக்கு 2 அடியில் ஒரு மேசை செய்துகொண்டால் பல்லாண்டுக்குப் போதும். வைஸின் வாய் உங்கள் முழங்கையின் உயரத்துக்கு வர வேண்டும். அரம் தேய்க்கும்போது முதுகு குனியாமலும் தோள் உயராமலும் இருப்பது அந்த உயரத்தில்தான்.

வைஸை மட்டும் பழையதாகவே தேடலாம் என்பது என் கருத்து. கோவையில் லேத் பட்டறைகள் மூடப்படும்போதும், சென்னையின் புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தைகளிலும், இன்று புதிதாகக் கிடைப்பவற்றைவிடக் கனமான 4, 5 அங்குல வைஸ்கள் வருகின்றன. வாங்கும் முன் வாயை முக்கால் பங்கு திறந்து, நகரும் பகுதியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லேசான ஆட்டம் இயல்பு, கடகடவென்று ஆடினால் நகரும் பகுதி ஓடும் தடம் தேய்ந்திருக்கிறது. வார்ப்பில் ஒட்டுப்போட்ட தழும்பு இருந்தால் வேண்டாம்.

இரண்டாம், மூன்றாம் ஆண்டுகள் அடுக்குவதற்கும் பாதுகாப்பதற்கும் உரியவை. கார் ஷெட்டில் அது பூட்டும் அலமாரி, மாடியில் கூரை, உள் அறையில் தூசி உறிஞ்சி. கடலோரத்தில் இருப்பவர்கள் உளி, இழைப்புளித் தகடு, அளவுகோல் ஆகியவற்றைத் திறந்த பலகையில் மாட்டி அழகு பார்ப்பதைவிட, மெஷின் ஆயில் தடவிய துணியால் துடைத்து மூடிய இழுப்பறையில் வைப்பது நல்லது. தேங்காய் எண்ணெயைத் தடவும் வழக்கம் பல ஆசாரிகளிடம் உண்டு. தினமும் எடுத்துப் புழங்கும் கருவிக்கு அது சரி, மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் கருவியில் அது பிசுபிசுப்பாக மாறி அழுக்கைப் பிடித்துக்கொள்ளும்.

நிலையான மெஷின்களும் வெல்டிங்கும் அதன் பிறகுதான். 16 ஆம்பியர் சாக்கெட்டில் 200 ஆம்பியர் என்று எழுதிய இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினை முழுத் திறனில் ஓட்ட முடியாது, 2.5 மி.மீ. தடிமனுள்ள வெல்டிங் ராடு வரை நிறுத்திக்கொண்டால் வீட்டுக்கு வேண்டிய ஸ்டாண்டும் கேட்டும் செய்துவிடலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் அதற்கென்று தடித்த கேபிளும் பெரிய எம்.சி.பி.யும் போட வேண்டும். வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு அதற்கு இடம் தருகிறதா என்பதை எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொண்டே செய்ய வேண்டும். லேத் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நம் ஊர்களில் நடந்து போகும் தூரத்தில் ஒரு லேத் பட்டறை இருக்கும், ஆண்டுக்குச் சில தடவை தேவைப்படும் கடைசலை அங்கே கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தையும் இடத்தையும் நல்ல டிரில் ஸ்டாண்டுக்குக் கொடுங்கள்.

## யாருக்கு எது

தனி வீடு, தண்ணீர் ஏறாத தெரு, கலவையான வேலை என்றால் கார் ஷெட்டில் மேசையும் பொறி பறக்கும் வேலையும், உள்ளே ஓர் அலமாரியில் அளவுக் கருவிகளும் பேட்டரிக் கருவிகளும் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வதே சிறந்தது. கார் இல்லாதவர்கள் தயங்காமல் கார் ஷெட்டையே எடுத்துக்கொள்ளலாம். வெள்ளம் வரும் தெருவில், மாடியில் கான்கிரீட் அறை இருந்தால் மாடி. இல்லாவிட்டால் உள் அறையில் சுத்தமான வேலையை மட்டும் வைத்துக்கொண்டு, மடக்கும் மேசை ஒன்றைக் கோடையில் கார் ஷெட்டில் விரித்து மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒதுக்கப்பட்ட கார் நிறுத்துமிடம் வண்டி நிறுத்துவதற்கு மட்டுமே உரியது. மொட்டை மாடி அனைவருக்கும் பொதுவானது. சங்கம் கண்டுகொள்ளவில்லை என்பதற்காக அங்கே பட்டறை வைத்தால், ஒரே ஒரு புகாரில் எல்லாவற்றையும் தூக்க வேண்டியிருக்கும். அவர்களுக்கு உள் அறையும் கைக்கருவிகளும்தான். பலகையை அளவுக்கு அறுத்துத் தரும் பிளைவுட் கடையிலேயே பெரிய வெட்டுகளை முடித்துக்கொண்டு வந்துவிடலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் மேசையின் சட்டத்தைப் பற்றவைக்காமல் போல்ட் போட்டு இணையுங்கள். அலமாரியைச் சுவரில் அடிக்காமல் மேசையின் பின்காலிலிருந்தே எழுப்புங்கள். தனி லைனை வீட்டு உரிமையாளரின் சம்மதத்தோடு சுவருக்கு வெளியே குழாயில் இழுத்து, சாக்கெட்டையும் எம்.சி.பி.யையும் ஒரே பலகையில் பொருத்திவிட்டால், வீடு மாறும் நாளில் எலெக்ட்ரீஷியனைக் கொண்டு இணைப்பைத் துண்டித்துப் பலகையோடு கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.